66 வயதில் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கலாமா?

அம்மா, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அதில் பிழை இருந்தால் பின்னால் சொல்வதும் பிழையாகிவிடும். உங்களுக்கு வயது 66. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் சாப்பிடுகிறீர்கள். மாடிப்படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது. உங்கள் கணவர் ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தவர். அவர் காலமான பிறகு, வருகிற தையில் நீங்கள் நடப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் காரில் போய்வரலாம் என்கிறார்கள். உடன் நடக்கப்போகும் காரைக்குடிக் குழுவில் எல்லோரும் வெறுங்காலோடு நடப்பவர்கள். எத்தனை மாதம் பயிற்சி வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்து பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், செருப்புப் போட்டு நடந்தால் அது வேண்டுதலில் சேருமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். உடம்பு தாங்குமா என்பது ஒரு கேள்வி. உடம்புக்காகச் செய்துகொள்ளும் மாற்றங்கள் நேர்ந்துகொண்டதைக் குறைத்துவிடுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன், ஏனெனில் இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் தவிப்பவர்கள்தான் முதலாவதில் தவறு செய்து என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நான் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினெட்டு ஆண்டுகள் தை மாதத்தில் நத்தம் சாலையோரம் பாதயாத்திரை செல்வோருக்கான மருத்துவப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். நானே நான்கு முறை நடந்திருக்கிறேன், கடைசியாக 61 வயதில். நான் இதய நிபுணனோ எலும்பு நிபுணனோ அல்லன். உங்கள் பாதத்தை நான் பார்க்கவில்லை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் உங்களிடம் போகலாம் என்றோ போகக் கூடாது என்றோ முடிவாகச் சொல்ல முடியாது. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பந்தலில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். நடைக்குத் தயாராகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தூரத்தைத்தான் எண்ணுகிறார்கள்; "போன வாரம் ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் நடந்துவிட்டேன், ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். முதல் நாள் இருபது கிலோமீட்டரை உற்சாகமும் கூட்டமும் அரோகரா முழக்கமும் சேர்ந்து இழுத்துச் சென்றுவிடும். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, அடுத்த நாள் விடிகாலையில் பாயிலிருந்து எழுந்து முதல் நூறு அடி எப்படி நடக்கிறேன் என்பதைத்தான். இளமைக்கும் முதுமைக்கும் இந்த விஷயத்தில் உள்ள பெரிய வேறுபாடு நடக்கும் திறனைவிட, நடந்து முடித்த உடம்பு மறுபடி தேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது. குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். புறப்படும் இடத்தையும் இடையில் எடுக்கும் குறுக்குவழிகளையும் பொறுத்துச் சற்றுக் கூடும் குறையும். ஆறு நாளில் முடித்தால் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர். அந்த ஆறில் ஐந்து நாள்கள் முந்தைய நாளின் களைப்போடு தொடங்குபவை. ஆகையால் உங்கள் பயிற்சி முழுவதும் தொடர்ச்சியான நாள்களுக்கான பயிற்சியாக இருக்க வேண்டும். (காவடி எடுப்போரில் பலர் திரும்பும்போதும் நடந்தே வருவார்கள். உங்கள் வேண்டுதலில் அது இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் குழுவின் பெரியவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.)

இப்போது ஆடி பிறந்திருக்கிறது. தைப்பூசம் தையின் எந்தத் தேதியில் வந்தாலும் உங்களுக்கு ஆறு மாதம் போல இருக்கிறது, போதுமான காலம். ஆடியிலும் ஆவணியிலும் வாரத்தில் ஐந்து நாள் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். புரட்டாசியில் வாரம் ஒரு முறை மட்டும் எட்டு கிலோமீட்டர் நடையைச் சேருங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையின் முற்பாதியிலும் மழை உங்களைத் தடுக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுகிறவர்கள் மார்கழியில் பதற்றப்பட்டு ஒரேயடியாகக் கூட்டிக் காலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். மழை நாள்களில் கல்யாண மண்டபமோ கோயில் பிரகாரமோ கிடைத்தால் அங்கே நடக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டுப் படியில் ஏறி இறங்கலாம். கார்த்திகையின் பிற்பாதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான் என்பதால் உங்களுக்கு இது எளிது. நடந்துபோய், மலைப்படி ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு, பேருந்தில் திரும்பலாம். மார்கழி முதல் பாதியில், புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக, தொடர்ந்து மூன்று நாள் நாளுக்குப் பதினெட்டு முதல் இருபது கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பிறகு நடையைப் பாதியாகக் குறைத்து உடம்பைத் தேறவிட வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்றொரு விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு உறுதியான ஆய்வு அடிப்படை கிடையாது. ஆனாலும் மெல்லக் கூட்டு என்பதன் சாரம் சரிதான். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் கூட்டாமல் ஒரு வாரம் குறைத்து விடுவது, விழுக்காட்டுக் கணக்கைவிட வயதானவர்களுக்கு அதிகம் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவம். ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழங்காலைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு நான் பயப்படவில்லை. தேய்மானம் உள்ள முழங்கால் நடந்தால் மேலும் தேய்ந்துவிடும் என்பது நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்த எண்ணம். மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று என்பது இன்று நன்றாக நிறுவப்பட்ட செய்தி. படி இறங்கும்போது மட்டும் வலிப்பது பெரும்பாலும் தொடையின் முன்தசை வலுவிழந்திருப்பதையும் காட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதியவர்கள் விழுவதைத் தடுப்பதற்கான அமெரிக்க வழிகாட்டியில், 65 முதல் 69 வயதுப் பெண்களுக்குப் பதினொன்றுக்குக் குறைந்தால் கால் வலு போதாது என்று கணக்கு. தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய நம் பெண்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்துமா என்ற ஐயம் எனக்கு உண்டு. இருந்தாலும் இன்றைக்கும் மார்கழியிலும் எண்ணி ஒப்பிட அது நல்ல அளவுகோல். அந்தப் பயிற்சியையே நாள்தோறும் இரண்டு வேளை, பத்துப் பத்தாகச் செய்யுங்கள். தாழ்வான படியில் ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது மிதமான வலி வந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வீக்கம் இருந்தாலோ, முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, மடிந்து கைவிட்டாலோ மருத்துவரைப் பார்க்காமல் மேற்கொண்டு நடக்காதீர்கள். குளுக்கோசமின் மாத்திரை பயன் தருவதாக நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. முழங்கால் உறை சிலருக்குத் தெம்பு தருகிறது. இறுக்கமாக இருந்து கெண்டைக்கால் வீங்கினால் கழற்றிவிடுங்கள். ஒரு கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில், அதாவது உங்கள் வலக்கையில், இருந்தால் நல்லது.

இனிப் பாதம். இதில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். குறைந்தது அவர்களுக்குத் தெரியாது, ஏனெனில் தெரிவிக்க வேண்டிய நரம்புதான் கெட்டிருக்கிறது. ஓராண்டு பெரியவர் ஒருவர் சிங்கம்புணரிப் பக்கமிருந்து நடந்து எங்கள் பந்தலுக்கு வந்தார். கால் லேசாகக் கனக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலின் அடியில் ஒரு கருவேல முள் முழுதும் இறங்கி, சுற்றிலும் சிவந்து சீழ் கட்டியிருந்தது. எப்போது குத்தியது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. "வலியே தெரியாமல் முருகன் கூட்டி வந்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருடைய நம்பிக்கையை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காலில் இரண்டு விரல்களை அவர் பின்னால் இழந்தார். வலிக்கிற கால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இளைஞர் ஒருவர் வெறுங்காலில் முள் மிதித்தால் அடுத்த அடியிலேயே நின்றுவிடுவார்.

ஆகவே இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளோ மருமகளோ ஆள்காட்டி விரலின் நுனியால், அழுத்தாமல், தட்டாமல், உங்கள் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை வரிசை மாற்றி ஒரு நொடியோ இரண்டு நொடியோ தொடட்டும். தொட்டதும் இடமா வலமா என்று நீங்கள் சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இது வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை, மருத்துவர்களும் ஏற்றது. ஆறும் தெரிந்தாலும் இதோடு விடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் இசைக்கவையாலும் (டியூனிங் ஃபோர்க்) பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாதத்தின் நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலில் நடப்பது கூடாது. வேறு பலவற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுப்பேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று சோதனை சொன்னாலும், பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரையோடு 150 கிலோமீட்டர் தார்ச் சாலையில் வெறுங்காலில் போவதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வேண்டுதலில் சேருமா என்று கேட்டீர்கள். நான் சமயப் பெரியவன் அல்லன். நாற்பது ஆண்டுகள் குழுவை நடத்திய ஒரு குருசாமியிடம் கேட்டதை மட்டும் சொல்கிறேன். அவர் குழுவில் வருபவர்களிடம் மாலை போடும் அன்றே "சர்க்கரை யாருக்கு உண்டு" என்று கேட்பார். அவர்களைத் தோல் சேராத துணிக் காலணி வாங்கச் சொல்லிவிட்டு, மலையடிவாரத்தில் கழற்றினால் போதும் என்பார். பாதயாத்திரை என்றால் வண்டி ஏறாமல் பாதத்தால் போவதுதானே, அந்தப் பாதத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா என்று அவர் கேட்டது எனக்குச் சரியாகவே பட்டது. உங்கள் கணவர் எப்படி நடந்தார் என்பது அவருடைய காலுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நீங்கள் நேர்ந்துகொண்டது பழனிக்கு நடந்து போவதாக. மனம் ஒப்பவில்லை என்றால் குன்றக்குடியில் புறப்படும்போது சந்நிதியில் சொல்லிவிட்டுக் காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

விரதத்தில் தோல் வேண்டாம் என்பதால் துணியாலான, முன்பக்கம் மூடிய, கயிறு கட்டும் காலணி வாங்குங்கள். நடந்தால் பாதம் வீங்கும். ஆகவே மாலையில், காலுறையோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கும்படி எடுங்கள். உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் மருத்துவமனைகளில் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் பதித்த, பின்வார் உள்ள காலணியைக் கேளுங்கள். எதுவாயினும் ஐப்பசிக்குள் வாங்கிவிட வேண்டும். புதுக் காலணியோடு குன்றக்குடியில் வந்து நிற்பவர்களுக்கு நத்தத்துக்குள் கொப்புளம் வந்துவிடுகிறது. கொப்புளம் உராய்வும் ஈரமும் சேர்ந்து உண்டாக்குவது. ஆகவே மூன்று நான்கு சோடிக் காலுறை எடுத்துக்கொண்டு, நண்பகலில் ஒரு முறை மாற்றுங்கள். வந்துவிட்ட கொப்புளத்தை ஊசியால் குத்தாமல் துணி வைத்துக் கட்டுங்கள். காலணி போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலை உங்கள் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. ஒரு கண்ணாடியோ உடன் வரும் பெண் ஒருவரோ வேண்டும். நகத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக நேராக வெட்டிக்கொள்ளுங்கள், முந்தின நாள் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஒரு வேளை உணவு என்ற விரதம், ஆறு மணி நேர நடை, வழக்கமான அளவு கிளிமெபிரைடு, இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் பந்தலில் வியர்த்து விறுவிறுத்து விழுந்ததை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். கூட்டம் அதை அருள் வந்ததாகவோ களைப்பாகவோ எடுத்துக்கொண்டு விசிறிவிடும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை சர்க்கரை. மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. மார்கழியின் அந்த மூன்று நாள் நடையின்போது காலை, நண்பகல், படுக்கும் முன் என்று குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிய அளவுகளை அவரிடம் காட்டினால்தான் அவராலும் சரியாகச் சொல்ல முடியும். நீண்ட நடைக்குப் பின் தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகும் தாழும். பக்கத்துப் பாயில் படுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது உண்ட பிறகே புறப்படுங்கள். நடுக்கமோ குழப்பமோ வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். முந்தானையில் முடிந்து வைத்த சர்க்கரைப் பொட்டலம் பையின் அடியில் இருப்பதைவிட மேல். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை இடையில் புதிதாகச் சேர்க்கப்பட்டால், விரதத்தையும் நடையையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பட்டினியும் நீரிழப்பும் சேரும்போது அந்த வகையில், சர்க்கரை அளவு அதிகம் கூடாமலே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

வழியெல்லாம் அன்னதானம் நடக்கும். கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் இனிப்புத் தேநீரும் அன்போடு கையில் வைக்கப்படும்போது மறுப்பது கடினம். ஒரு கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள குழந்தைக்குக் கொடுத்துவிடலாம்; சுண்டலும் மோரும் சுக்குமல்லிக் காப்பியும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், காப்பியில் வெல்லம் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

பெண்களிடம் நான் தனியாகச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றியது. மறைவிடம் கிடைக்காது என்பதற்காக விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்துவரும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தை மாதப் பனியில் தாகமும் தெரியாது. அதன் விளைவாக நீர்க்கடுப்பு வருகிறது, தலைசுற்றல் வருகிறது. டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படவும் கூடும். இதோடு கால் வலிக்கென்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த ஆபத்து பல மடங்காகிறது. வலிக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் போதும். நாளொன்றுக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், மண்டபம், பள்ளி ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்று குழுவில் முன்பு நடந்த பெண்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடைத் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதிதான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும் என்று பொருள். வியர்வை அதிகமான நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் முழு ஒரு லிட்டர் நீரிலேயே கரைத்துக் குடியுங்கள்; குறைந்த நீரில் கரைத்தால் நன்மைக்குப் பதில் தீமை. அதில் குளுக்கோஸ் இருந்தாலும் தேவைப்படும் நேரத்தில் சர்க்கரை நோயாளிகளும் குடிக்கலாம்.

இதயத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது குறைவு. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லாதவர்களுக்கு டிரெட்மில் சோதனை செய்தே தீர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோதனை சரியாக இருந்தது என்பது காப்புறுதியும் ஆகாது. உங்கள் வயதையும் சர்க்கரையின் காலத்தையும் பார்க்கும்போது, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு என்ன தேவை என்பதை ஓர் இதய மருத்துவரிடம் விட்டுவிடுவதையே நான் விரும்புவேன். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, குமட்டல், தாடை வலி என்றும் வரலாம். நேற்று எளிதாக நடந்த சமதளத்தில் இன்று மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிட்டு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றோடு நடை நிற்க வேண்டும்.

சாலையில் நோயைவிட வாகனம் பெரிய ஆபத்து. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்க ஓரமாக நடப்பதே பாதுகாப்பு. குழுக்கள் வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவு மூன்று மணிக்கே கிளம்புவார்கள். நீங்கள் விடிந்த பிறகு, இரண்டொருவரோடு பின்னால் வருவதாகச் சொல்லிவிடுங்கள். இருட்டில் நடக்க நேர்ந்தால் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டி, கையில் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழனி மலைக்கு ஏறத்தாழ 700 படிகள். ஆறு நாள் நடந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். சரிவான யானைப் பாதையில் மெல்ல ஏறி, இறங்கும்போது விஞ்சிலோ ரோப் காரிலோ வரலாம். தைப்பூச நாளில் அதற்கு வரிசை மிக நீண்டிருக்கும் என்பதால் அன்றைக்கு முன்போ பின்போ மலையேறுவதைக் குழுவினரிடம் பேசி வையுங்கள். மலையில் வெறுங்கால்தான், ஆகவே காலையிலோ மாலையிலோ ஏறுங்கள். நண்பகல் வெயிலில் சுட்ட கருங்கல்லில் நின்று, உணர்ச்சியற்ற உள்ளங்கால் வெந்துபோனதை வீட்டுக்குப் போன பிறகே கண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் இதை அனுமதி கேட்பதாக எடுத்துச் செல்லாமல் வேலை பிரித்துக் கொடுப்பதாக எடுத்துச் செல்லுங்கள். பாதச் சோதனை மகளுக்கு. நத்தத்திலும் திண்டுக்கல்லிலும் இரவு வந்து பாதத்தைப் பார்த்துக் காலுறை மாற்றித் தருவது மகனுக்கு. மார்கழி நடையின் மூன்றாம் நாள் காலையில் வீக்கமோ நொண்டலோ இருந்தால் திண்டுக்கல்லிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மூன்று அல்லது நான்கு நாளில் முடிக்கலாம். இந்த மாற்று ஏற்பாட்டை இப்போதே பேசி முடித்துவிட்டால் மார்கழியில் மனம் தடுமாறாது. பாதச் சோதனையில் ஆறுக்கு எத்தனை தெரிந்தது, முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்ற இரண்டு எண்களையும் முடிந்தால் எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு ஆவணிக்கான நடையை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.